மணிக்கட்டிலிருந்து தரை வரை

அப்பாவை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு அம்மாவோடு ஊரில் வளர்ந்த பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு தெருவே தேறும். இப்போது எல்லோரும் ஐம்பதைத் தாண்டிவிட்டோம். ஒருவருக்கு முட்டி, ஒருவருக்குச் சர்க்கரை, எனக்கு இரண்டும். கல்யாண வீடுகளில் சந்தித்துக்கொண்டால் டேப்ரிக்கார்டர், சென்ட் பாட்டில், வாசனைச் சோப்பு என்றுதான் நம் பேச்சுப் போகும். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிடுவேன். எங்கள் வீட்டுப் பெட்டியில் என்ன வந்தது என்று இதுவரை உங்களில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

நூலளவு உங்களுக்கு நினைவிருக்கும். செருப்பு வேண்டுமென்றால் நோட்டுத்தாளில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவோம். வளையலுக்கும் மோதிரத்துக்கும் நூல். சட்டைக்கு நூலில் முடிச்சுகள். அதைக் கடிதத்துக்குள் மடித்து அனுப்பினால், லீவில் வரும் யாராவது ஒருவர் கையில் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அது பொருளாகத் திரும்பி வரும். அதற்குள் கால் வளர்ந்திருக்கும். எனக்கு வந்த முதல் செருப்பைச் சித்தி மகள்தான் போட்டுத் தேய்த்தாள். அளவு அனுப்பியவள் ஒருத்தி, பொருள் வந்து சேரும்போது இருப்பவள் வேறொருத்தி. அப்போது இது எனக்குச் செருப்புச் சங்கதியாகத்தான் பட்டது.

எங்கள் ஊர் பரளச்சிப் பக்கம். நாலு ஏக்கர் கரிசல், மழையை நம்பிய பருத்தி. அப்பா போன புதிதில் மூன்று வருடம் வெயிலில் சிமெண்டு மூட்டை சுமந்தார். முதுகுத்தோல் உரிந்து உரிந்து வருவதாக ஒரே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை மட்டும் அம்மா என்னை இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லவில்லை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். வீட்டுக்கு வருகிற கடிதத்தை வாசிப்பதும் போகிற கடிதத்தை எழுதுவதும் நான். ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பிலேயே என் கையெழுத்துத்தான் அழகு என்று டீச்சர் சொல்லிவிட்டதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

பிறகு அப்பாவுக்கு ஒரு பந்தடி மைதானத்தில் வேலை கிடைத்தது. கோல்ப் என்று எழுதியிருந்தார். வெள்ளைக்காரர்கள் நீள மட்டையால் சின்னப் பந்தை அடித்து, அது விழுந்த இடத்துக்கே நடந்து போய் மறுபடி அடிக்கிற ஆட்டம். அந்த மைதானத்தில் புல் கிடையாதாம். வெறும் மணலாம். ஆளுக்கொரு துண்டுப் பச்சை விரிப்பைக் கையில் கொண்டுபோய், பந்து கிடக்கிற இடத்தில் அதை விரித்து, மேலே பந்தை வைத்து அடிப்பார்களாம். இதை வாசித்ததும் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இங்க புல்லப் புடுங்கி மாள மாட்டேங்குது. அங்க புல்லச் சொமந்துக்கிட்டுத் திரியிறாகளாம்ல!"

அப்பாவுக்கு அங்கே அயர்ன் வளைக்கிற வேலை. அயர்ன் என்றதும் துணி தேய்க்கிறார் என்று பாதி ஊர் நம்பியது. அந்த மட்டைகளின் தலை இரும்பு என்பதால் அந்தப் பெயர் என்று அடுத்த கடிதத்தில் விளக்கினார். அவர் எழுத்தில் அந்த வேலை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். மட்டையின் தலையும் கம்பும் சேருகிற இடம் கழுத்து. கழுத்தை ஒட்டிய பக்கம் குதி, கடைசி நுனி மூக்கு. அடிக்க நிற்கும்போது தலையின் அடிப்பாகம் தரையில் மட்டமாக உட்கார வேண்டும். உயரமான ஆள் பிடித்தால் குதி தூக்கும். குட்டையான ஆள் பிடித்தால் மூக்கு தூக்கும். ஆளுக்குத் தக்கபடி கழுத்தை வளைத்துக் கொடுப்பதுதான் அப்பாவின் வேலை. இதற்கு மேல் இன்னொரு சாய்வும் உண்டு. மட்டையின் முகம் எவ்வளவு மல்லாந்து வானத்தைப் பார்க்கிறது என்பது. மல்லாந்தால் பந்து உயரப் போகும், நிமிர்த்தினால் தாழப் போகும்.

'எல்லாம் எவர்சில்வர். ஆனால் நம் வீட்டுத் தம்ளர் போல மெத்து இல்லை, கல். சூடு காட்டக் கூடாது. காட்டினால் அதன் உயிர் போய்விடும். குளிர்ந்தபடியே வளைக்க வேண்டும். மூன்று பாகை தள்ளினால் ஒரு பாகை தானாகத் திரும்பி வந்துவிடும். அவசரப்பட்டால் கழுத்து முறிந்துவிடும்.' இப்படி எழுதியவர், தகரக் கொட்டகைக்குள் நிழலில் வேலை என்றும் தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது என்றும் தன்னை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள் என்றும் முடித்திருந்தார். அம்மாவுக்கு வளைப்பதும் நிமிர்த்துவதும் காதில் ஏறவில்லை. ஊரெல்லாம் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள்: "அவுகளுக்கு இப்ப நெழல்ல வேல."

அந்தச் சித்திரையில்தான் அம்மாவுக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தால் உடம்பு கதகதவென்று சுடும். சுளுக்கு வழிக்கிற ஒரு கிழவியிடம் போனாள். அந்தக் கிழவி நல்லெண்ணெய் தொட்டு உருவிவிட்டு, குனிந்து களை வெட்டுகிற எல்லாருக்கும் இருக்கிற வலிதான் என்று அனுப்பிவிட்டது. ஊரில் முதுகு வலிக்காத பெண்பிள்ளை யார்? அதனால் அந்தச் சொல்லை நம்புவது சுலபமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அம்மா முன்னால் சாய்ந்து நடக்க ஆரம்பித்தாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாலும் அந்தச் சாய்வு போகவில்லை. தொடைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் எழுந்திருப்பாள்.

"அப்பாவுக்கு எழுதட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"எழுதுன, கைய ஒடிச்சுப்புடுவேன். எழுதுனா மறு ப்ளேன்ல வந்து நிப்பாக. வந்துட்டா அந்த நெழலு மறுபடி கெடைக்குமா?"

அந்த வாரமே அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'இங்கே பெண்களும் ஆடுகிறார்கள். ஒருத்திகூடக் குனியவில்லை. நிமிர்ந்து நின்றே வீசுகிறார்கள். பார்த்ததும் நீ காட்டில் குத்தவைத்துக் களை வெட்டுவது நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று தூக்கிப் போட்ட மட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் முகத்தை நிமிர்த்தி, விளிம்பைத் தீட்டி, கழுத்தை உனக்கென்றே வளைத்துத் தருகிறேன். நின்றபடியே பக்கவாட்டில் வீசினால் களை அறுந்துவிடும். நீ நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு எலும்பிலிருந்து தரை வரைக்கும் நூல் பிடித்து அனுப்பு. ஒரு விரற்கடை பிசகினாலும் மட்டை சரியாக உட்காராது.'

அம்மா கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றாள். நான் தரையில் உட்கார்ந்து நூலைப் பிடித்தேன். முதலில் அவள் எப்போதும் நிற்கிற மாதிரிதான் நின்றாள். அப்புறம் இரண்டு கையாலும் நிலையைப் பின்பக்கமாகப் பிடித்து, பல்லைக் கடித்து, ஒவ்வொரு எலும்பாக நிமிர்ந்தாள். பிறகு ஒரு கையை மட்டும் விடுவித்துத் தொங்கவிட்டாள். அவள் நெற்றி வேர்வை என் புறங்கையில் சொட்டியது.

"நீ இப்பிடி நிக்க மாட்டியேம்மா," என்றேன்.

"அவுக விட்டுட்டுப் போனப்ப இப்பிடித்தான நின்னேன். அந்த அளவத்தான் கேட்டிருக்காக. வெரசா முடிச்சப் போடு."

நான் மேலே ஒரு முடிச்சும் கீழே ஒரு முடிச்சும் போட்டேன். அளவு பொய் என்று தெரிந்தேதான் போட்டேன். அம்மா சொன்னதைச் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கொஞ்சம் பொறுங்கள், அதற்கும் வழியில்லாமல் போகிறது.

கார்த்திகையில் மட்டை வந்தது. கொண்டு வந்தவர் அப்பாவோடு தங்கியிருந்த பாய். அருப்புக்கோட்டையில் அவர் வீடு. இரண்டு மாத லீவில் வந்தவர், பஸ்ஸைப் பிடித்து எங்கள் ஊருக்கே வந்து கொடுத்தார். புதுத் துண்டில் சுற்றியிருந்தது. பிரித்ததும் சோப்பு வாசமும் எண்ணெய் வாசமும் சேர்ந்து வந்தன. தலை தண்ணீரில் முக்கி எடுத்தது போலச் சில்லென்று இருந்தது. கழுத்தில் எங்கள் நூல், அதே இரண்டு முடிச்சோடு சுற்றிக் கட்டியிருந்தது.

"ஒரு நாளைக்கு இம்புட்டுன்னு வளைச்சாரு தங்கச்சி," என்று பாய் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். "வேலை முடிஞ்சு எல்லாரும் குளிக்கப் போவோம். இவரு மட்டும் இதோட உக்காந்திருப்பாரு. ஒரு மாசம் ஆச்சு."

அம்மா காப்பி கொண்டுவர எழுந்தாள். தொடையில் கையூன்றி, முன்னால் சாய்ந்தபடி அடுப்படிக்குப் போனாள். பாய் பார்த்துவிட்டார். அவர் முகம் மாறியதை நானும் பார்த்தேன். காப்பியை வாங்கிக்கொண்டு, "என்னம்மா இது, ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டார்.

"சுளுக்குண்ணே. அவுககிட்டச் சொல்லிறாதீக. ஒங்க புள்ளைகளுக்குப் புண்ணியமாப் போகும்."

பாய் தலையை ஆட்டினார். அது சரி என்பதா, சொல்வேன் என்பதா என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனோம். "தொரசானி வாராக, வழிய விடுங்கடி!" என்று களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கூவினார்கள். அம்மா அவர்களுக்காக ஒரு நிமிடம் நிமிர்ந்து நின்று இரண்டு வீச்சு வீசினாள். மட்டை தரையோடு ஒட்டிச் சறுக்கி, களையைக் கழுத்தோடு அரிந்தது. அப்பா சொன்னது சொன்னபடி. அப்புறம் அவளால் முடியவில்லை. சாய்ந்தாள். கை கீழே இறங்கியது. மட்டையின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது, குதி மண்ணைக் குத்திப் பருத்திச் செடியின் வேரையும் சேர்த்து அறுத்தது. ஆனாலும் அந்தப் பருவம் முழுக்க அம்மா அதை விடவில்லை. சுக்காங்கல்லில் குதி உரசுகிற கிரீச் சத்தம் இப்போதும் என் பல்லைக் கூச வைக்கிறது.

அப்பாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அம்மா சொன்னது ஒரே வரி: "மட்ட அளவு கணக்கா இருக்குன்னு எழுது." எழுதினேன். தாளில் இடம் மிச்சம் இருந்தது. கட்டுரை எழுதி எழுதிப் பழகிய கை. 'அம்மா நிமிர்ந்து நின்று களை எடுக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது' என்று நானாகச் சேர்த்தேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டியபோது அந்த வரிகளை விட்டுவிட்டு வாசித்தேன். கொட்டை கொட்டையான அழகான எழுத்து.

அப்பா ஆவணியில் வந்தார். அம்மா வாசலில் நிலையைப் பிடித்து நிமிர்ந்து நின்று வரவேற்றாள். நல்ல சேலை, தலை நிறையப் பூ. முதல் நாள் முழுக்க உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசிச் சமாளித்துவிட்டாள். வந்தவரைப் பார்க்க ஊரே கூடியிருந்ததால் அதுவும் முடிந்தது. மறுநாள் காலையில் அப்பா மூலையில் சாத்தியிருந்த மட்டையை எடுத்தார். தலையைத் திருப்பி அடிப்பாகத்தை வெளிச்சத்தில் பிடித்தார். குதிப் பக்கம் தேய்ந்து கண்ணாடி போலப் பளபளத்தது. மூக்குப் பக்கம் அவர் அரம் போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. கட்டைவிரலால் அங்கும் இங்கும் தடவினார். அந்த வேலையைத்தானே வருடக்கணக்காகச் செய்தார்! தேய்ந்த இடத்தைப் பார்த்தால் பிடித்த கை எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

"நூல் இருக்கா தாயி?" என்றார் என்னிடம்.

டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அம்மாவைக் கூப்பிட்டார். "நிமிர வேண்டாம். நீ எப்பவும் நிக்கிற மாதிரி நில்லு."

அம்மா நின்றாள். அப்பா மேல்முடிச்சை அவள் மணிக்கட்டில் வைத்து நூலைத் தொங்கவிட்டார். அரைச் சாண் நூல் தரையில் சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், நூல் தரையைத் தொட்ட இடத்தில் புதிதாக ஒரு முடிச்சுப் போட்டார்.

"நீதான அளந்த?" என்றார்.

"ஆமாப்பா."

ஒரு அடி அடித்திருந்தால் இத்தனை வருடம் நான் லேசாக இருந்திருப்பேன். அவர் நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மதுரைக்குக் கிளம்பச் சொன்னார்.

எலும்பில் டிபி என்றார் மதுரை டாக்டர். முதுகெலும்பில் இரண்டு எலும்புகள் அரித்துப்போயிருந்தன. படத்தை விளக்கில் மாட்டிவிட்டு, "ஒரு ஆறேழு மாசம் முந்தி வந்திருந்தா மாத்திரையிலயே சரியாயிருக்கும்," என்றார். அவர் மேல் குற்றமில்லை, உள்ளதைச் சொன்னார். நான் விரல்விட்டு எண்ணினேன். ஆறேழு மாதத்துக்கு முன்னால் என்றால் என் கடிதம் போய்ச் சேர்ந்த தை மாதம்.

அப்பா திரும்பிப் போகவில்லை. மாத்திரையும் ஊசியுமாக வீடு மருந்து வாசமடித்தது. காலில் பலம் குறைந்துகொண்டே வந்தபோதும், அம்மா "இந்தக் களைக்கு நான் காட்டுக்கு வந்துருவேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதைக் கேட்டுவிட்டு அப்பா மட்டையை எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனார். விசைத்தறிச் சாமான்கள் சரிசெய்கிற பட்டறை ஒன்றில் மேசையோடு பூட்டிய பெரிய இடுக்கி இருந்தது. ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பட்டறைக்காரர் கொஞ்சம் பழுக்கக் காய்ச்சினால் ஒரு நிமிட வேலை என்றார். "வேண்டாம்ணே, செத்துப்போகும்," என்றார் அப்பா. தலையை இடுக்கியில் கடிக்கவிட்டு, கழுத்தில் ஒரு குழாயை மாட்டி, மூச்சை அடக்கித் தள்ளினார். இரும்பு நகர்ந்தது, கொஞ்சம் திரும்பி வந்தது. ஒருதரம் டிக்கென்று சத்தம் கேட்டது. அப்பா அப்படியே நின்றுவிட்டார். கழுத்தைச் சுற்றி நகத்தால் தடவிப் பார்த்தார். முறியவில்லை. அன்றைக்கு அதோடு போதும் என்று பஸ் ஏறினோம். பாகைக்கு ஒரு நாள் என்று பத்துப் பன்னிரண்டு நாள் போய் வந்தார்.

கடைசியாக ஒரு நாள் காலையில் அம்மாவை முற்றத்துக்குக் கூட்டிவந்து, மட்டையைக் கையில் கொடுத்தார். அம்மா சாய்ந்தபடியே பிடித்தாள். குதியும் தூக்கவில்லை, மூக்கும் தூக்கவில்லை, மட்டை மட்டமாகத் தரையில் உட்கார்ந்தது. முற்றத்து ஓரத்தில் இருந்த தும்பைச் செடிகளை மூன்று வீச்சில் அரிந்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். என் பக்கம் திரும்பி, "ஏ புள்ள, இப்ப எழுது, கணக்கா இருக்குன்னு!" என்றாள்.

கேலிக்குத்தான் சொன்னாள். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போய்விட்டார். அதற்கப்புறம் அம்மா அந்த மட்டையைத் தொடவில்லை. அடுத்த பருத்தி வெடிப்பதற்குள் போய்விட்டாள்.

மட்டை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. காற்றில் கேட் அடித்துக்கொள்ளாமல் இருக்க மருமகள் அதை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள். துருவில்லை.

அப்பா போன மாசியில் இறந்தார். காடு, வீடு, என் கல்யாணம், பேரன் பேத்தி என்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனார். அந்த நூலைப் பற்றியோ கடிதத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை. அவருடைய பழைய பாஸ்போர்ட்டுக்குள் இரண்டும் இருந்தன. மூன்று முடிச்சு நூல், என் கொட்டை எழுத்துக் கடிதம். கடிதம் மடிப்பில் கிழிந்து, கிழிந்த இடம் ஒட்டப்பட்டிருந்தது. என் குற்றத்துக்குச் சாட்சியாக வைத்திருந்தார் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருடமும் அவர் மௌனத்தை அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் கழித்துத் துக்கம் கேட்க பாய் வந்தார். மகனோடு சென்னையிலேயே இருந்துவிட்டவர். நாற்பது வருடத்தில் அன்றைக்குத்தான் மறுபடி பார்க்கிறேன். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். டீயை ஆற்றிக் கொடுத்தேன். பழைய கதையெல்லாம் பேசிவிட்டு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து ஒன்றைச் சொன்னார்.

"ஒங்கப்பாவுக்கு ஒம் மேல அம்புட்டு நம்பிக்கை தாயி. ஒங்கம்மா சொல்ல வேண்டாம்னாக. எனக்கு மனசு கேக்கல. லீவு முடிஞ்சு போன அன்னிக்கே சொல்லிட்டேன். ஒம் பொண்டாட்டி குனிஞ்சு நடக்குறா, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துருன்னேன். அவரு சட்டைப் பையில இருந்து ஒன் லெட்டர எடுத்துக் காட்டுறாரு. 'நிமிந்து நின்னு களையெடுக்குறாகன்னு எம்மக எழுதியிருக்கா பாய். ஒங்களுக்குப் பாக்கத் தப்பாத் தெரிஞ்சிருக்கும். எம்மக பொய் எழுத மாட்டா'ன்னாரு. அதுக்கு மேல நான் என்ன பேச?"

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. மருமகள் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"பொய்தான் பாய் எழுதுனேன்," என்றேன். இந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அம்மா சொல்லக்கூட இல்ல. நானாத்தான் எழுதுனேன்."

பாய் என்னையே பார்த்தார். டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் தலையில் கை வைத்தார்.

"அப்ப நீ பச்சப்புள்ளதான தாயி," என்றார்.

ஆமாம். அதனால்தான் அப்பா நம்பினார்.